ஸ்டூர் ஆற்றங்கரையில் ஒரு நடை

இலண்டன் மாநகரின் லிவர்பூல் வீதி நிலையத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் மானிங்ட்ரீ என்னும் சிறு நிலையத்தை அடையலாம். அங்கே இறங்கி, ஆற்றை நோக்கிச் செல்லும் ஒற்றையடிப் பாதையைப் பிடித்து நடந்தால் இரண்டு மைல் தூரத்தில் பிளாட்போர்ட் என்னும் ஊர் இருக்கிறது. ஊர் என்று சொல்வதே மிகை. ஓர் ஆலை, ஒரு பாலம், விரல்விட்டு எண்ணத்தக்க சில பழைய வீடுகள், அவ்வளவுதான். மலையில்லை, அருவியில்லை, மூச்சு வாங்க ஏறவேண்டிய மேடும் இல்லை. முதியோரும் சிறுவரும் அச்சமின்றி நடக்கத்தக்க புல்வெளியும் அதனூடே மெல்ல நகரும் ஸ்டூர் ஆறுமே அங்கு உண்டு. ஆற்றுக்கு வடக்கே சஃபொக் மாகாணம், தெற்கே எசெக்ஸ் மாகாணம்.

இவ்வளவு சாதாரணமான இடத்தை உலகம் அறியச் செய்தவர் ஜோன் கொன்ஸ்டபிள். பெயரைக் கேட்டதும் பொலிஸ்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தால் பிழையில்லை. ஆனால் இவர் ஓவியர். 1776ஆம் ஆண்டில் பக்கத்து ஊராகிய ஈஸ்ட் பேர்கோல்ட்டிற் பிறந்தார். பிளாட்போர்ட் ஆலை இவருடைய தந்தையாரின் ஆலை. மகனும் ஆலைத் தொழிலையே மேற்கொள்ள வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். மகனோ ஆலையைச் சுற்றியிருந்த நீரையும் வானத்தையும் தீட்டுவதிலேயே ஆயுளைக் கழித்தார்.

ஆலையின் எதிரே உள்ள நீர்நிலையருகே நின்று இடப்புறம் நோக்கினால் வெள்ளைச் சுவரும் செந்நிற ஓட்டுக் கூரையுமாக ஒரு பண்ணை வீடு தெரியும். 'வைக்கோல் வண்டி' என்னும் ஓவியத்தைப் படத்திலேனும் பார்த்தவர்கள் அவ்வீட்டை உடனே இனங்கண்டுகொள்வர். 1821ஆம் ஆண்டில் அவ்வோவியம் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது வாங்குவார் இல்லை. மூன்று ஆண்டுகளின் பின்னர் பாரிஸ் நகரக் கண்காட்சிக்குச் சென்று பிரெஞ்சு மன்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. சொந்த நாட்டார் காணாத சிறப்பை அயல்நாட்டார் கண்டனர் போலும். இன்று அது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அவ்வீட்டில் வாழ்ந்தவர் வில்லி லொட் என்னும் கமக்காரர். எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமது வாழ்நாளில் நான்கே இரவுகள்தாம் அவர் அவ்வீட்டை விட்டு வெளியே தங்கினார் என்று அவ்வூரார் சொல்வார்கள்.

பாலத்தைக் கடந்து எசெக்ஸ் கரையால் மேற்கே திரும்பினால் டெடம் என்னும் ஊர் ஒன்றரை மைல். இந்தப் பாதையைப் பற்றியே நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1705ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி ஸ்டூர் ஆறு படகுப் போக்குவரத்துக்குத் திருத்தப்பட்டது. தானியமும் நிலக்கரியும் ஏற்றிய தட்டைப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்துச் சென்றன. ஆனால் குதிரை நடக்கும் பாதை ஒரே கரையிற் செல்லவில்லை. இடையிடையே இக்கரையில் முடிந்து அக்கரையில் தொடங்கிற்று. அத்தகைய இடங்களிற் குதிரையைப் படகின் முற்பகுதியில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோயினர். கொன்ஸ்டபிள் 1819ஆம் ஆண்டிற் காட்சிக்கு வைத்த 'வெள்ளைக் குதிரை' அதைத்தான் காட்டுகிறது. பாதையின் குறுக்கே, மாடுகள் அயல் நிலத்துக்குப் போய்விடாதபடி தடுப்பு வேலிகளும் இருந்தன. படகுக் குதிரைகள் அவற்றைத் தாண்டிக் குதிக்கப் பழக்கப்பட்டிருந்தன. 1825ஆம் ஆண்டின் 'பாயும் குதிரை' ஓவியத்திற் பாய்வது போர்க் குதிரையன்று, படகிழுக்கும் குதிரை.

அன்று குதிரை தாண்டிய வேலிகளை இன்று மனிதர் தாண்டத் தேவையில்லை. நமது யாழ்ப்பாணத்து வேலிகளிற் கடப்பு வைப்பது போலவே அங்கும் ஏறிக் கடக்கும் மரப்படிகளும், ஒருவர் மாத்திரம் நுழையக்கூடிய சிறு படலைகளும் இருக்கின்றன. நிலம் தனியாருடையது, புல் மேய்வது அவருடைய மாடு, ஆயினும் அந்நிலத்தினூடே செல்லும் ஒரு பாதம் அகலப் பாதையில் நடக்கும் உரிமை வழிப்போக்கர் எவருக்கும் உண்டு. நிலத்தை விற்றாலும் அவ்வுரிமை அழிவதில்லை. இருபது ஆண்டுகள் மக்கள் தடையின்றி உரிமையோடு நடந்து வந்த வழி, நிலச் சொந்தக்காரர் மறுப்புக் காட்டியிராவிடில், பொது வழியென்றே கொள்ளப்படும் என்பது அந்நாட்டுச் சட்டம். வயலின் நடுவே பாதை சென்றால் கமக்காரர் உழலாம். ஆனால் உழுத பின் பாதையை மீண்டும் தெரியும்படி செய்து கொடுத்தல் வேண்டும்.

இது தானாக வந்த உரிமையன்று. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் பொது நிலங்கள் பல வேலியடைக்கப்பட்டபோது பாதைகளும் உடன் மறைந்தன. 1815ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தேவையற்றதெனத் தாம் கருதும் பாதையை மூடுவதற்கு இரண்டு சமாதான நீதவான்களுக்கே அதிகாரம் அளித்தது. அந்நாளிற் சமாதான நீதவான்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் நிலச் சொந்தக்காரர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மான்செஸ்டர்ப் பகுதி இளந் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர், வேட்டைக்கென மூடிவைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தில் வேண்டுமென்றே ஏறி நடந்தனர். அவர்களிற் சிலர் சிறைக்கும் சென்றனர். பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1949ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு மாகாண சபையும் தன் எல்லைக்குட்பட்ட நடைபாதைகளைத் தேசப்படத்தில் வரைந்து பதிவுசெய்ய வேண்டுமென விதித்தது. அப்படிப் பதிவான பாதை, எவரும் நடவாமல் முள் மண்டிக் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணிற் பாதையே. பதிவாகாத பழைய பாதையோ, நடந்தவர்கள் சாட்சி சொல்ல முன்வராவிடிற் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் கையிற் படத்துடன் சேற்றை மிதித்துத் திரியும் முதியவர்களைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. அவர்களுட் சிலர் உண்மையிற் செய்வது காவற்றொழில்.

ஆற்றோரம் நிற்பவை பெரும்பாலும் வில்லோ மரங்கள். சிலவற்றின் தலையை ஆளுயரத்திற்கு மேல் வெட்டி விட்டிருப்பார்கள்; மாட்டுக்கு எட்டாத உயரத்தில் தளிர் விடுவதற்காக. இவ்வினத்திலேயே நெடிதாக, நேராக வளரும் ஒருவகை இப்பகுதிகளில் நடப்படுகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் அது வெட்டப்பட்டுக் கிரிக்கெட் மட்டையாகிறது. நம் நாட்டு இளைஞர் கையிலுள்ள நல்ல மட்டையின் மரம் இத்தகைய ஆற்றங்கரையொன்றில் நின்றதாக இருக்கக்கூடும். ஆனால் கொன்ஸ்டபிளின் ஓவியங்களில் வானளாவ நிற்கும் எல்ம் மரங்களைத் தேடுபவர் ஏமாறுவர். 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், இறக்குமதி செய்யப்பட்ட மரக்குற்றிகளோடு வந்த பூஞ்சண நோயொன்று வண்டுகளாற் பரவி, பிரித்தானியாவில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்களை அழித்தது. இப்பள்ளத்தாக்கு 1970ஆம் ஆண்டிற் சிறப்புமிக்க இயற்கையழகுப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நோய் அப்பிரகடனத்தை மதிக்கவில்லை.

டெடம் ஊரில் உயர்ந்த கோபுரத்தோடு கூடிய தேவாலயமும் தேநீர்க் கடைகளும் உண்டு. கால் ஆறுவதற்கு ஏற்ற இடம். அக்கோபுரம் கொன்ஸ்டபிளின் பல ஓவியங்களிற் காணப்படுகிறது. ஓவியத்தின் அமைப்புக்கு வேண்டிய இடத்தில் அதை அவர் நகர்த்தி வைத்துக்கொண்டதும் உண்டு. சிறுவனாக அவர் கல்வி கற்ற பாடசாலை இவ்வூரில் இருந்தது. ஈஸ்ட் பேர்கோல்ட்டிலிருந்து நாள்தோறும் அவர் நடந்து வந்த ஒழுங்கை இன்றும் இருக்கிறது. அதற்கு ஃபென் ஒழுங்கை என்று பெயர். ஆற்றைச் சிறு பாலமொன்றாற் கடந்து அதில் ஏறினால் இருமருங்கும் பற்றைகள் நெருங்கி நிழல் தரும். 'தானிய வயல்' என்னும் 1826ஆம் ஆண்டு ஓவியத்தில், ஆடுகளை மறந்து குப்புறப் படுத்து நீர் அருந்தும் சிறுவன் இவ்வொழுங்கையிற்றான் இருக்கிறான். 1837ஆம் ஆண்டில் ஓவியர் மறைந்ததும் நண்பர்கள் பணம் திரட்டி அவ்வோவியத்தை வாங்கித் தேசிய ஓவியக்கூடத்துக்கு அளித்தனர். அக்கூடம் பெற்ற அவருடைய முதல் ஓவியம் அதுவே.

ஒழுங்கை முடியுமிடம் ஈஸ்ட் பேர்கோல்ட். இவ்வூர்க் குருவானவரின் பேர்த்தி மரியாவை 1809ஆம் ஆண்டில் கொன்ஸ்டபிள் காதலித்தார். ஆலைக்காரர் மகனுக்குப் பெண் கொடுக்கப் பாட்டனாருக்கு மனமில்லை. ஏழு ஆண்டுகள் காத்திருந்து 1816ஆம் ஆண்டில் மணம் புரிந்தனர். அக்குருவானவரின் தேவாலயத்துக்கு மணிக்கோபுரம் இல்லை. 1525ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய கோபுரம், அதற்கு ஆதரவளித்த கர்தினால் வோல்சி அரசனின் கோபத்துக்கு ஆளாகி வீழ்ந்ததோடு நின்றுபோயிற்று. ஐந்து பெரிய மணிகளையும் 1531ஆம் ஆண்டில் தேவாலய முற்றத்தில் மரக்கூண்டொன்றுக்குள், தற்காலிகமாக, வைத்தனர். அவை இன்னமும் அங்கேயே இருக்கின்றன. கயிறு கட்டி இழுப்பதில்லை; மணிக்காரர் அருகே நின்று கையாலேயே தள்ளி ஒலிக்கச் செய்வர்.

அங்கிருந்து இறங்கி மீண்டும் பிளாட்போர்ட் வந்து நிலையத்தை அடைந்தால், முழு நடையும் ஏறக்குறைய எட்டு மைல். மாரிகாலத்தில் ஆறு பெருகிப் புல்வெளிகள் நீரில் மூழ்குவதுண்டு. வைகாசி, ஆனி மாதங்களே உகந்தவை. மாடுகள் பாதையில் நின்றால் விலகிச் செல்லுங்கள். திறந்த படலையை மூடிவிட மறவாதீர்கள்.