நம்மைப் பற்றிய கோப்புகள்



இன்று நாம் நினைவுகூரும் தோழர், மாணவர்களைப் பார்த்தால் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: நம்மைப் பற்றி யார் எழுதிவைக்கிறார்கள், அதை நம்மால் படிக்க முடியுமா? இலக்கியத்தையும் பாடநூலையும் பற்றித்தான் கேட்கிறார் என்று அன்று நினைத்தோம். உளவுத்துறையின் கோப்பும் நம்மைப் பற்றிய எழுத்துதான் என்பது பிறகுதான் உறைத்தது. அப்படிப்பட்ட கோப்புகள் வெளியே வந்த ஒரு வரலாற்றை இந்த அவையில் பகிர்ந்துகொள்கிறோம்.

1971 மார்ச் 8. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மீடியா என்ற சிறு நகரம். முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய குத்துச்சண்டையில் நாடே மூழ்கியிருந்த இரவு. வியட்நாம் போரை எதிர்த்த எட்டுப் பேர் கொண்ட குழு, அங்கிருந்த எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்தின் பூட்டைத் திறந்து, கோப்புகளைப் பெட்டிகளில் அள்ளிச் சென்றது. ஓர் இயற்பியல் பேராசிரியர்தான் குழுவின் தலைவர். டாக்சி ஓட்டுநர் ஒருவரும் அதில் இருந்தார்.

அவர்கள் பிரதிகளை நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவருக்கும் சில பத்திரிகையாளர்களுக்கும் அனுப்பினார்கள். உறுப்பினர்கள் இருவரும் எஃப்.பி.ஐ.யிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கறுப்பினத்தவர். இதைக் குறை சொல்வதற்காகக் குறிப்பிடவில்லை. அரசு மிரட்டுவதற்கு முன்பே அச்சம் வேலை செய்துவிடுகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் பெட்டி மெட்ஸ்கர் திருப்பிக் கொடுக்கவில்லை. கோப்புகள் உண்மையானவை என்று உறுதிசெய்துகொண்டு செய்தி எழுதினார். அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செல், நாளிதழின் பொறுப்பாளர்களைத் தொலைபேசியில் அழைத்தார். வெளியிட்டால் உயிர்களுக்கு ஆபத்து, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்றார். நாளிதழின் வழக்கறிஞர்களும் தயங்கினார்கள். ஆசிரியர் குழு வெளியிட்டே ஆகவேண்டும் என்று வாதாடியது. உரிமையாளர் கேத்தரின் கிரஹாம் இரவில் ஒப்புதல் தந்தார். மார்ச் 24 அன்று செய்தி முதல் பக்கத்தில் வந்தது.

அந்த நாட்டுப் பாதுகாப்பு இரகசியம் என்ன தெரியுமா, தோழர்களே? ஏவுகணைத் திட்டம் இல்லை. கறுப்பின மாணவர் சங்கங்களைக் கண்காணிக்கும் ஆணை. கறுப்பர் குடியிருப்புகளில் ஒற்றர்களைச் சேர்க்கும் ஆணை. கல்லூரித் தொலைபேசி இணைப்பகப் பணியாளரிடமிருந்து தகவல் பெற்றதற்கான குறிப்பு. போர் எதிர்ப்பாளர்களை அடிக்கடி விசாரியுங்கள், எங்கும் எஃப்.பி.ஐ. நிற்கிறது என்ற பீதி அவர்களுக்குள் பரவட்டும் என்ற யோசனை. குழுவினர் கோப்புகளைத் தரம் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான படிவங்களை ஒதுக்கினால், 40 சதவீதம் அரசியல் கண்காணிப்பு. திட்டமிட்டுக் குற்றம் செய்யும் கும்பல்களைப் பற்றியவை 1 சதவீதம்.

வெளியிட்டால் யாருடைய உயிருக்கு ஆபத்து என்றார் மிட்செல்? உயிர் ஏற்கெனவே போயிருந்தது. 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் சிகாகோவில் பிளாக் பேந்தர் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. அவருடைய வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர், கட்சிக்குள் இருந்த ஒற்றர்.

கறுப்பின மக்களுக்கு இவை எதுவும் புதிய செய்தி அல்ல. தங்களைப் பின்தொடர்கிறார்கள் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். மிகை, வதந்தி, மனப்பிரமை என்று பிறர் ஒதுக்கினார்கள். அரசாங்கத்தின் தாளே பேசிய பிறகுதான் நாடு நம்பியது. நாம் சொன்னால் புகார், அதையே அரசாணை சொன்னால் ஆதாரம். இந்த அநீதி நமக்கும் பழக்கமானதுதானே? அதனால்தான் அந்தத் தாளை வெளியிடும் பத்திரிகையாளரின் மீது விழும் கை, நம் சாட்சியத்தின் மீதும் விழுகிறது.

வெளியிட்டதால் என்ன நடந்தது? மீடியா கோப்பு ஒன்றில் 'கோஇன்டெல்ப்ரோ' என்ற புரியாத சொல் இருந்தது. தொலைக்காட்சி நிருபர் கார்ல் ஸ்டெர்ன் வழக்குத் தொடுத்து, அச்சொல்லுக்குப் பின்னிருந்த ஆவணங்களை 1973இல் பெற்றார். இயக்கங்களை உள்ளிருந்தே உடைக்க 1956இல் தொடங்கிய இரகசியத் திட்டம் அது. 1975இல் செனட்டின் சர்ச் குழு விசாரித்தது. மார்ட்டின் லூதர் கிங்கைத் தற்கொலைக்குத் தூண்டும் வகையில் எஃப்.பி.ஐ. பெயரில்லாக் கடிதம் அனுப்பியதும் நாட்டுக்குத் தெரியவந்தது. நாட்டுப் பாதுகாப்பைப் பேசிய ஜான் மிட்செல் வாட்டர்கேட் வழக்கில் சிறை சென்றார். கோப்புகளை எடுத்த எட்டுப் பேரில் ஒருவரைக்கூட எஃப்.பி.ஐ. பிடிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் 2014இல் தாமாகவே முன்வந்து பெயரைச் சொன்னார்கள்.

இது தொலைதூரத்துக் கதை அல்ல. பிளாக் பேந்தர்களின் பெயரைச் சூடி 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எழுந்தார்கள். நம் மேடைகளில் ஒலிக்கும் 'சிறுத்தைகள்' என்ற சொல்லின் வேர் அங்கே இருக்கிறது. பெயரை அவர்களிடமிருந்து பெற்ற நாம், பாடத்தையும் பெறவேண்டும். ஆங்கிலேயர் 1923இல் இயற்றிய அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் இங்கே உயிரோடிருக்கிறது. பத்திரிகையாளர் இப்திகார் கிலானி 2002இல் அச்சட்டத்தின் கீழ் கைதாகி ஏழு மாதங்கள் திகார் சிறையில் இருந்தார். அவரிடம் இருந்தது ஏற்கெனவே அச்சில் வெளிவந்த தகவல். பிறகு அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது.

எல்லா இரகசியமும் பொய் என்று நாம் சொல்லவில்லை. பாதுகாப்பு என்ற சொல் கேட்டதும் வாய்மூடிக்கொள்ளக் கூடாது என்கிறோம். யாருடைய பாதுகாப்பு, யாரிடமிருந்து என்று கேட்போம். ஒரு நிருபரின் வீட்டில் சோதனை நடக்கும்போது, அது பத்திரிகைக்காரர்கள் பாடு என்று விலகி நிற்காதிருப்போம். அவர் மேசையில் இருப்பது நம்மைப் பற்றிய கோப்பாக இருக்கலாம்.

மாணவ நண்பர்களே, நம்மைப் பற்றி எழுதப்பட்டதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. மறுத்தால், மறுத்ததையும் எழுதிவையுங்கள். தோழரின் கேள்விக்கு நாம் தரக்கூடிய விடை அதுதான்.