மூச்சு வாங்குவது வயதாலா?



அலிபிரியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால் திருமலைக்குச் சுமார் 3,550 படிகள். போன வருஷம் விறுவிறுவென்று ஏறியவர், இந்த வருஷம் காலிகோபுரம் வருவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். "வயசாச்சில்ல" என்கிறார்கள் வீட்டில். பல நேரம் அதுதான் காரணம். ஆனால் ஐம்பதைக் கடந்தவருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் குறைந்திருந்தால், டாக்டர் குடலையும் சந்தேகப்படுவார்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அடிவயிற்றில் வலப்பக்கம் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. சிறுகுடலிலிருந்து வரும் கூழில் உள்ள தண்ணீரை வழிநெடுக உறிஞ்சிக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை. வலப்பக்கம் மலம் இளகலாகவே இருப்பதால், அங்கே புற்றுக்கட்டி வளர்ந்தாலும் அடைப்பு சீக்கிரம் தெரியாது. ரத்தம் மட்டும் துளித்துளியாகக் கசிந்து மலத்தோடு கலந்துபோகும், கண்ணில் படாது. அசதியும் மூச்சு வாங்குவதும்தான் முதலில் தெரியும்.

இடப்பக்கக் கட்டி வேறு விதம். மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வரும், ரத்தமும் தெரியும். உடனே மூலம் என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். 'மூலம், பௌத்திரம்' நோட்டீஸ் ஒட்டாத பஸ் ஸ்டாண்ட் சுவர் ஏது? மூலமாகவே இருக்கலாம்தான். அமீபா சீதபேதியாகவும் இருக்கலாம். குடல் அழற்சியோ, நம் நாட்டில் இன்னும் விட்டுவைக்காத குடல் காசநோயோகூட இருக்கலாம். பார்க்காமல் எப்படிச் சொல்வது? கையுறை போட்ட விரலால் டாக்டர் ஆசனவாயைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷக் கூச்சத்துக்குப் பயந்து வருஷக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

 

பெருங்குடல் புற்று பெரும்பாலும் 'பாலிப்' என்ற சின்னச் சதை மொட்டாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம்போல ஆகும். அதற்குள் கொலனோஸ்கோபி செய்தால் கண்டுபிடித்துவிடலாம். முந்தின நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்வதுதான் அதில் பெரும் தொல்லை. மறுநாள் மயக்க ஊசி போட்டு, கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். மொட்டு தென்பட்டால், பெரும்பாலும் அப்போதே கம்பிச் சுருக்கு மாட்டி அறுத்தெடுத்து, சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள்.