கணனியில் ஏறிய பெயரை இறக்குவது யார்?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



பேசத் தொடங்குமுன் ஒரு கேள்வி. உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், தோட்டத்து செக்ரோலில் உள்ள பெயர், இந்த மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா? பாதிப் பேர்கூட இல்லை. நான் இன்று பேச வந்த விஷயத்தின் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

மீதிப் பாதியை ஒரு பையனின் கதையாகச் சொல்கிறேன். நமது அங்கத்தவர் ஒருவரின் மகன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வரும் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை செய்திருக்கிறார்கள். அவனுடைய பெயரில் ஒரு பிடியாணை இருக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். இரவு முழுக்க பொலிஸ் நிலையத்தில் இருந்தான். மறுநாள் நீதவான் முன்னால் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, பிடியாணை வேறோர் ஆளுக்கு உரியது. அதே பெயர், அதே தலைப்பெழுத்து, ஆனால் வேறு தோட்டம். வயதில் பன்னிரண்டு வருட வித்தியாசம். பிடியாணையில் அடையாள அட்டை இலக்கமே இல்லை. நீதவான் விடுதலை செய்தார். பையன் வீட்டுக்கு வந்தபோது தீபாவளி முடிந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். தைப்பொங்கலுக்கு வரும்போது மறுபடியும் பிடித்தார்கள். அதே பிடியாணை. பொலிஸில் கேட்டால், நீதிமன்றத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால், பிடியாணை சரியான பிடியாணைதான், ஆளைப் பிழையாகப் பிடித்தது பொலிஸ், அங்கே போங்கள் என்றார்கள். இரண்டு முறை லீவு முடிந்து தாமதமாகப் போனதால் கடைக்காரர் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "ஐயா, கணனியில் ஏற்றியவர் யாரென்றுகூட வேண்டாம், இறக்குகிறவர் யாரென்று சொல்லுங்கள்."

தோழர்களே, நாட்டில் இப்போது எல்லாத் திணைக்களங்களின் தரவுகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் காலம் வந்திருக்கிறது. இந்திய அரசின் நன்கொடை உதவியோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு 2022 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கைவிரல் அடையாளம், கருவிழி, முகம் ஆகியவை பதியப்படும் திட்டம் அது. அடையாளம் ஒன்றாக்கப்பட்ட பிறகு, பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை, குடிவரவு குடியகல்வு, மோட்டார் போக்குவரத்து ஆகியவற்றின் பதிவுகளை அந்த ஓர் இலக்கத்தின்மேல் கோப்பது இலகு. ஆகவே அந்தத் தாயின் கேள்விக்கு இப்போதே பதில் தேட வேண்டும்.

இதை முற்றாக எதிர்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. 250க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவையின் கையில் இருந்தது. கையில் இருந்த தகவல் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சின் உயர் அதிகாரிகளும் செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. தகவல் பகிரப்படாவிட்டால் உயிர் போகும். நமது வீட்டுப் பெண்பிள்ளையை ஏமாற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிய முகவர், ஒரு மாவட்டத்தில் பிடிபட்டு இன்னொரு மாவட்டத்தில் புதுப் பெயரில் கடை திறப்பதைத் தடுக்கவும் இந்தப் பகிர்வு வேண்டும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? அதை நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் பெயரை மாற்றி எழுதுகிறார். அது செக்ரோலுக்குப் போகிறது. செக்ரோலிலிருந்து சம்பளப் பட்டியலுக்குப் போகிறது. அங்கிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. முப்பது வருடம் கழித்து அந்த அம்மா பணம் எடுக்கப் போகும்போது, 'இந்தப் பெயர் உங்களுடையது அல்ல' என்கிறார்கள். பிழை நடந்தது ஓரிடத்தில், ஒரு நிமிடத்தில். திருத்த வேண்டியதோ நான்கு இடங்களில். நம் தொழிற்சங்கக் காரியாலயங்களுக்கு வரும் சேமலாப நிதி முறைப்பாடுகளை நினைத்துப் பாருங்கள். இப்போது சேமலாப நிதி இருக்கும் இடத்தில் பிடியாணையை வைத்துப் பாருங்கள். அங்கே பணம் தாமதமாகும். இங்கே ஆள் உள்ளே போவான்.

நமது பெயர்கள் ஏன் இவ்வளவு மாறுகின்றன? தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் எழுதுகிறார்கள். அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார்கள். பிறகு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திருப்புகிறார்கள். தகப்பன் பெயரின் தலைப்பெழுத்து ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். விலாசத்தைக் கேட்டால் தோட்டத்தின் பெயரும் பிரிவும் லயத்து இலக்கமும். ஒரே பிரிவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் இடங்கள் உங்களுக்குத் தெரியும். கணனிக்கு அது தெரியாது.

நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதி, தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதும் அல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், தோட்டத்தை விட்டுப் போனவர் மேல் பிடியாணை எடுத்துச் சிறையில் போட முடிந்தது. அதோடு 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதிலே எழுதியிருந்த கடன் சரியா பிழையா என்று கேட்க, யாருடைய வாழ்க்கையை அது கட்டிப்போட்டதோ அவருக்கு வழியே இருக்கவில்லை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததற்குக் கடதாசி காட்டு என்றார்கள். கடதாசி இல்லாததால் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் கதை இழுபட்டது. பதிவில் வரும் பிழைக்கு நாம் கொடுத்த விலை அது. அதனால்தான் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட நாம் கொஞ்சம் அதிகமாகக் கேள்வி கேட்கிறோம்.

பிற நாடுகளில் என்ன நடந்தது என்று பார்ப்போம். இந்தியாவில் 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2009இல், பொலிஸ் நிலையங்களையெல்லாம் இணைக்கும் திட்டத்துக்கு 2,000 கோடி இந்திய ரூபா ஒதுக்கினார்கள். பிறகு அதை நீதிமன்றம், சிறை, தடயவியல், வழக்குத் தொடுநர் ஆகியவற்றோடும் இணைத்தார்கள். பொலிஸ் பதிவு மட்டும் இருந்தால் கைது தெரியும், விடுதலை தெரியாது. நீதிமன்றத்தையும் சேர்த்து இணைத்தால்தான் விடுதலையும் கணனியில் ஏறும். இந்தப் பாடத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 2004இல் ஒரு சம்பவம். ஒருவர் மேல் பிடியாணை உண்டா என்று பக்கத்து மாவட்டத்தைக் கேட்டார்கள். உண்டு என்று கணனி சொன்னது. கைது செய்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் மறுபடி செய்தி வந்தது, அந்தப் பிடியாணை ஐந்து மாதத்துக்கு முன்பே மீளப் பெறப்பட்டது, கணனியில் மாற்ற மறந்துவிட்டார்கள் என்று. அதற்குள் சோதனையில் போதைப்பொருளும் துப்பாக்கியும் கிடைத்துவிட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009இல் ஐந்து நீதியரசர்கள் ஒரு பக்கமும் நான்கு பேர் மறுபக்கமுமாக, அந்த ஆதாரத்தைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பானது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை விடுங்கள். ஒரு கிளார்க்கின் மறதிக்கு நீதிமன்றம் பிறகு மருந்து போடும் என்று நம்பியிருக்க முடியாது. முறைமையைக் கட்டும்போதே அதைத் தடுக்கும் வழியைக் கட்ட வேண்டும்.

பிரித்தானியாவில் குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் கைவிரல் அடையாளத்தையும் மரபணு மாதிரியையும் காலமெல்லாம் வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் 11 வயதில் கைதாகி விடுதலையான சிறுவன். 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது பிழை என்று ஏகமனதாகச் சொன்னது. விடுதலையானவரைக் குற்றவாளியோடு ஒரே பெட்டியில் போட்டு வைக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

நம் நாட்டில் என்ன சட்டம் இருக்கிறது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கேட்கவும் அதில் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தேசிய பாதுகாப்பு, குற்ற விசாரணை போன்றவற்றுக்கு அந்தச் சட்டத்திலேயே விதிவிலக்கு வைக்க இடமும் உண்டு. அந்த விதிவிலக்கு எவ்வளவு பெரிய கதவாகத் திறக்கும் என்பதில்தான் நமது அக்கறை. ஆகவே தொழிற்சங்கம் என்ற முறையில் நாம் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும்.

முதலாவது, எந்தத் திணைக்களம் எதைப் பார்க்கலாம் என்பதைப் பாராளுமன்றம் சட்டமாக எழுத வேண்டும். சுற்றறிக்கையில் எழுதக்கூடாது. சுற்றறிக்கையை ஓர் அதிகாரி இரவோடிரவாக மாற்றலாம்.

இரண்டாவது, பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து யாரையும் பிடிக்கக்கூடாது. அடையாள அட்டை இலக்கமோ கைவிரல் அடையாளமோ ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, நீதவான் பிடியாணையை மீளப் பெற்றால் அன்றைக்கே அது எல்லாக் கணனியிலும் மாற வேண்டும். சந்தேகத்தில் பிடிபட்டவர், வழக்கு உள்ளவர், தண்டனை பெற்றவர், விடுதலையானவர் என்று வெவ்வேறாகப் பதிய வேண்டும்.

நான்காவது, திருத்தம் கேட்க ஒரே ஓர் இடம் வேண்டும். அதுவும் பிரதேச செயலகத்திலேயே இருக்க வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் தமிழில் எழுத்துமூலம் பதில் வர வேண்டும். இது சலுகை அல்ல, அரசியலமைப்பின் மொழி அத்தியாயத்தில் உள்ள உரிமை.

ஐந்தாவது, யார், எப்போது, எதற்காக நமது பதிவைத் திறந்து பார்த்தார் என்பதும் பதியப்பட வேண்டும். அதைப் பொலிஸுக்கு வெளியே உள்ள சுயாதீனமான ஓர் அமைப்பு பரிசோதிக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தலைவரின் பெயரைச் சும்மா தட்டிப் பார்க்கும் வேலை நடந்தால், அது அகப்பட வேண்டும்.

கோரிக்கை வெற்றி பெறும் வரை காத்திருக்கவும் கூடாது. நாளைக்குப் பிரட்டுக் களத்தில் நீங்கள் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செக்ரோல் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கப் போகும் நாள் வரை வைத்திருக்காதீர்கள், இப்போதே திருத்துங்கள். பிடியாணை என்று சொல்லிப் பிடித்தால், அதைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். தேவையற்ற தாமதமில்லாமல் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். விடுதலையானால் வெறுங்கையோடு வீட்டுக்கு வராதீர்கள். நீதிமன்றக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை எடுங்கள். ஒன்றைப் பிள்ளை பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும், ஒன்றைச் சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச அலுவலகத்தில் தகவல் கேட்டால், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதித் தருவது சங்கத்தின் வேலை.

அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கட்டளையின் பிரதியை எடுத்தோம். பொலிஸுக்கும் நீதிமன்றப் பதிவாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். நான்கு மாதம் கழித்து, பிடியாணைக்கு உரியவரின் அடையாள அட்டை இலக்கம் சேர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. இப்போது வேறிடத்தில் வேலை செய்கிறான். போன சித்திரை வருடப் பிறப்புக்கு வந்தான். யாரும் நிறுத்தவில்லை. ஆனாலும் பஸ் சோதனைச் சாவடிக்குக் கிட்ட வரும்போது, அந்தப் பிரதியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறான் என்று அவனுடைய அம்மா சொன்னார்.

ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை, குற்றம் செய்யவில்லை என்ற கடதாசியோடு பஸ்ஸில் போக வேண்டிய நிலை நமக்கு வேண்டாம். அதற்காகத்தான் இந்தக் கோரிக்கைகள். உங்கள் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இவற்றைப் பேசுங்கள். இப்படி நடந்த சம்பவங்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். சட்டம் எழுதப்படும்போது நம் மக்களின் அனுபவமும் மேசையில் இருக்க வேண்டும்.