கொடிநாள் நன்கொடையும் நமது கூச்சமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆண்டு ஊனமுற்ற படைவீரர்களுக்கென்று ஒருவர் ரசீதுப் புத்தகத்துடன் நம் காலனிக்கு வந்தார். வீட்டுக்கு வீடு மனமுவந்து கொடுத்தோம். பின்னர் விசாரித்தபோது, ரசீதிலிருந்த முகவரியில் அப்படியொரு சங்கமே இல்லை! அவர் மார்பிலிருந்த பதக்கங்களைப் பார்த்தோமேயன்றி, ரசீதை நாம் படிக்கவில்லை.

ஏமாற்று நம்மோடு நிற்கவில்லை. ராணுவத்தை நவீனப்படுத்தவும் காயமுற்ற வீரருக்கு உதவவும் என்று, 2025 ஏப்ரலில் ஒரு வங்கிக் கணக்கு எண் வாட்ஸப் வழியே பரவிற்று. அதனை நம்பவேண்டாமெனப் பாதுகாப்பு அமைச்சகமே அறிவிக்க நேர்ந்தது.

நேர்வழி இல்லாமலில்லை. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாகும். அதன் வசூல், 1993-இல் பல நிதிகளை ஒன்றாக்கி அமைத்த படைவீரர் கொடிநாள் நிதியைச் சேர்கிறது. நிர்வாகம் கேந்திரிய சைனிக் போர்டினுடையது. வறிய முன்னாள் வீரர்க்கும், அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்கும், பெண்களின் திருமணத்துக்கும் அதிலிருந்து உதவி செல்கிறது. 2017-இல் தொடங்கிய ‘பாரத் கே வீர்’ வேறு. அது மத்திய ரிசர்வ் போலீஸ் போன்ற படைகளில் உயிர்நீத்தோர் குடும்பங்களுக்கானது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிடையேயும் உண்டு.

தனியார் சங்கங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றில் நல்லன உண்டு. பதிவு எண்ணையும், தணிக்கையான வரவு செலவையும், உதவி பெற்றோர் எத்தனை பேர் என்பதையும் கேட்போம். கேட்டால் வீரரை அவமதித்ததாகுமோ என்று கூசுகிறோம். கணக்குக் கேட்பது வசூலிப்பவரிடமேயன்றி வீரரிடமன்று.

இவ்வாண்டு உண்டியல் தொகையை ஜில்லா சைனிக் போர்டு அலுவலகத்தில் நேரே செலுத்தி, ரசீதைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்ட நிர்வாகக் குழு இசைந்துள்ளது.