துடைப்பம் யார் கையில்?

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

உங்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர்கள். ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி, கூடவே ஏழு நாள் கிராம முகாம் என்று கணக்கை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டீர்கள். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம் அது. இனி வருகைப் பதிவேடு கிடையாது. முகாமில் உப்புமா கிளறிப் போடவும் ஆள் கிடையாது. வருகிற அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள், உங்களுக்கு வெறும் விடுமுறை. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் இப்படி ஒரு நாள் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி, ஜனவரி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை அரசு விடுமுறை. அதற்கான சட்டம் 1983இல் வந்தது, 1986 முதல் கடைப்பிடிக்கிறார்கள். 1994இல் அதையே சேவை நாளாகவும் ஆக்கினார்கள். அன்றைக்குப் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், ஏழைகளுக்கு உணவுப் பொட்டலம் கட்டுவார்கள், பூங்காவில் குப்பை பொறுக்குவார்கள்.

கிங் கடைசியாகத் துணை நின்ற போராட்டமே குப்பைத் தொழிலாளர்களுடையது. 1968 பிப்ரவரி 1, மெம்பிஸ் நகரம், கொட்டும் மழை. குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கியிருந்த எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்களை, குப்பையை அழுத்தும் எந்திரம் திடீரென்று ஓடி நசுக்கிக் கொன்றது. சில நாளில் ஏறக்குறைய 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளோடு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்காகப் போன ஊரில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் நகர நிர்வாகம் இறங்கிவந்து, கூலியை உயர்த்தி, சங்கத்தையும் ஏற்றுக்கொண்டது.

காந்தி கதை உங்களுக்குத் தெரியும். 1901 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கழிப்பிடம் நாறிக் கிடந்தது. தொண்டர்கள் அது தங்கள் வேலையில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே கழுவினார்.

ஆக, இரண்டு பேரும் மனத்தில் வைத்திருந்தது குப்பை அள்ளுகிற ஆளை. அவர்கள் பெயரில் வருகிற சேவை நாளில் அந்த ஆள் எங்கே நிற்கிறார்? பெரும்பாலும் புகைப்படத்துக்கு வெளியே.

நான் முகாம் நடத்திய காலத்தில் ஓர் ஊராட்சியில் பார்த்தது இது. வெள்ளை டி-ஷர்ட், தொப்பி, பேனர், புதுத் துடைப்பம் எல்லாம் வந்து இறங்கின. பிள்ளைகள் உண்மையாகவே பாடுபட்டார்கள், குறை சொல்ல மாட்டேன். பதினொரு மணிக்குப் பேருந்து வந்துவிட்டது. தெருமுனையில் ஒரு குவியல் மிஞ்சியது. எச்சில் இலை, பால் பாக்கெட், உடைந்த பாட்டில், கிழிந்த சேலை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அந்தத் தெருவின் தூய்மைக் காவலர் அம்மா மூன்று சக்கர வண்டியோடு வந்து நின்று பார்த்தார். மக்கும் குப்பை வேறு, மக்காத குப்பை வேறு என்று அவர் அதைக் கையால் பிரித்தாக வேண்டும். இரண்டு வேலை ஒரு வேலையாகவில்லை, ஒரு வேலை இரண்டாகிவிட்டது.

"அடுத்த தடவை பிள்ளைங்க வந்தா என்ன செய்யட்டும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கூட்ட வேண்டாம் சார். வீடு வீடாப் போயி, கண்ணாடிச் சில்லைத் தனியாத் தாள்ல சுத்திக் குடுக்கச் சொல்லுங்க. கை கிழிஞ்சா நாலு நாளைக்குச் சோறு பிசைய முடியல" என்றார்.

சேவை செய்யப் போகிற இடத்தில் அந்த வேலையை ஏற்கெனவே தினமும் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். முதலில் அவரைக் கேளுங்கள். பாதி விடுமுறை அதிலேயே போய்விடும், போகட்டும்.

மீதிப் பாதிக்கு ஒரு வேலை சொல்கிறேன். காந்தி ஜெயந்தி அன்று தமிழ்நாட்டில் ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. 3,000க்கு மேல் 10,000 வரை மக்கள் உள்ள ஊராட்சி என்றால் 200 பேராவது வந்தால்தான் கோரம். வருகிறவர்களில் இளைஞர்களைத் தேட வேண்டியிருக்கிறது. பட்டதாரி மகன் வீட்டில் தூங்குவான், அவன் பாட்டி வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போவார். வரவு செலவுக் கணக்கைச் சடசடவென்று வாசித்து முடிப்பார்கள். நிறுத்தி ஒரு கேள்வி கேட்க, படித்த பிள்ளை ஒருவர் வேண்டும். வணிகவியல் முடித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

கேள்வி பெரிதாக இருக்க வேண்டாம். தூய்மைக் காவலர்களுக்குக் கையுறை எத்தனை ஜோடி வாங்கினீர்கள், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? பள்ளிக் கழிப்பறைத் தொட்டியைச் சுத்தம் செய்ய எந்திரம் வருகிறதா, ஆளை இறக்குகிறீர்களா? மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்துவிட்டது. பாதாளச் சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு இழப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்றால், ஆள் இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

உங்களைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். "யாரு வீட்டுப் பிள்ளைடா நீ?" என்று கேட்பார்கள். அப்பா பெயரைச் சொல்லிவிட்டு உட்காராமல் நில்லுங்கள். வாயால் கேட்டதோடு விடாமல் எழுதியும் கொடுங்கள், தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலை தேடிப் பெருநகரம் போகிறவர்கள், அங்கே வார்டில் ஏரியா சபை எப்போது கூடுகிறது என்று விசாரித்து வையுங்கள்.

உங்கள் பெயர்களை வாசிக்கப் பேராசிரியர் பட்டியலோடு காத்திருக்கிறார். சாப்பாட்டு வாசனையும் வந்துவிட்டது.