ஒரே வீக்கம், இரு வேறு நோய்கள்
(ஆலய மகளிர் பகுதியின் நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



புற்றுநோய் எனும் சொல்லை ஆலய மண்டபத்தில் உச்சரிக்கவே தயங்குவோர் நம்மிடையே உள்ளனர். அத்தயக்கத்தால் பெரிதும் துன்புறுவோர் பெண்கள் என்பதால், அரியதொரு நோயைப் பற்றி இன்று பேச முன்வந்துள்ளேன். சினைப்பைப் புற்றுநோயின் தோற்றத்தில் வந்து, அதுவாக இல்லாத நிணநீர்ப் புற்றுநோய் அது. மருத்துவர்கள் இதனை லிம்ஃபோமா என்பர்.

உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒரு வகை கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்நோய். வழக்கமாகக் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியதுபோல் தென்படும். அபூர்வமாகச் சினைப்பையில் தங்கி வளரும். சினைப்பைப் புற்றுகளுள் இது நூற்றுக்கு ஒன்றிரண்டே.

ஐம்பது வயதை நெருங்கும் ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். வயிறு உப்புகிறது, வாயு என்று ஓமநீர் அருந்துகிறார். உடல் மெலிகிறது; விரதம் இருந்ததால் என்கிறார். இரவில் படுக்கை நனையுமளவு வியர்க்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவம் என அண்டை வீட்டார் ஆறுதல் கூறுகின்றனர். மூன்று விளக்கங்களும் பொருந்தக்கூடியவையே. இடரும் அதில்தான் உள்ளது. இறுதியில் ஸ்கேன் எடுத்தால், இரு சினைப்பைகளிலும் கட்டி, வயிற்றில் நீர். இரத்தத்தில் சி.ஏ. 125 எனும் அளவும் உயர்ந்திருக்கிறது.

இந்தச் சி.ஏ. 125 பற்றிச் சற்று விளக்க வேண்டும். 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சினைப்பைப் புற்றுநோய் ஆய்வின்போது கண்டறிந்தது இது. ஆயினும் வயிற்றின் உட்சவ்வு உறுத்தப்பட்டாலே இது உயரும். வயிற்றுக் காசநோயிலும் உயரும். நிணநீர்ப் புற்றுநோயிலும் உயரும். ஆகவே, இவ்வொரு எண்ணைக் கொண்டு நோய்க்குப் பெயரிட இயலாது. கட்டியின் திசுவே பெயரைச் சொல்லும்.

பெயர் மாறினால் சிகிச்சை முழுவதும் மாறிவிடும். சினைப்பைப் புற்றுநோய் பரவியிருப்பின், கருப்பை, சினைப்பைகள் உட்பட இயன்றவரை அகற்றும் பெரிய அறுவை தேவைப்படலாம். நிணநீர்ப் புற்றுநோயைக் கத்தி குணப்படுத்துவதில்லை, மருந்தே குணப்படுத்தும். திசுவில் சி.டி. 20 எனும் புரதம் காணப்பட்டால், அதனையே குறிவைக்கும் ரிடுக்ஸிமாப் மருந்தும் சேர்க்கப்படும். அமெரிக்காவில் 1997இல் ஒப்புதல் பெற்ற மருந்து இது. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் இளம்பெண்ணுக்கு இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவ உலகமே இந்நோயில் ஒருமுறை பெயர் மாற்றிக்கொண்டதுண்டு. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் எனும் அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் கண்ட கட்டியைப் பற்றி 1958இல் எழுதியபோது அதனைச் சார்கோமா என்றே குறித்தார். அது நிணநீர்ப் புற்றுநோய் என்பது பின்னரே தெளிவாயிற்று. சிறுமியரின் சினைப்பைகளையும் அது தாக்கும். மிக விரைந்து வளர்வது. சில நாள் தாமதமும் தீங்காகும்.

“கத்தி பட்டால் புற்று பரவும்” என்று நம்மவர் பலர் திசுப் பரிசோதனைக்கு மறுக்கின்றனர். இவ்வச்சத்தில் ஒரு சிறு உண்மை உண்டு. கட்டி ஒரு சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருந்தால், மருத்துவர்கள் ஊசியால் குத்துவதைத் தவிர்த்து, அதனை முழுமையாக எடுத்தே ஆராய்வர். அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்பது பொருளன்று. வேறிடங்களுக்குப் பரவியிருப்பின், பெரிய அறுவைக்கு முன் சிறிது திசு எடுத்துப் பார்ப்பதே முறை.

மற்றொன்றையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்: நீங்கள் அருந்தும் மூலிகை மருந்துகளை. பதிவு பெறாத சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு இக்கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். திசுவை ஆராய்வோருக்கும் நோய் பிடிபடாது.

திசு அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெற்று வீட்டில் வைத்திருங்கள். எடுத்த திசுவை மருத்துவமனைகள் மெழுகில் பதித்துப் பாதுகாக்கின்றன. ஐயம் எழுந்தால், அதனையே வேறொரு வல்லுநர் மீண்டும் பார்க்கலாம். பெரும்பாலும் மறுபடி ஊசியோ கத்தியோ தேவைப்படாது. கேள்விகள் இருப்பின், அன்னதானத்திற்குப் பின் மகளிர் பகுதி மேசையருகே காத்திருப்பேன்.