டீ ஆற்றி உலகம் சுற்றியவர்கள்

வெளிநாடு போக வேண்டும் என்றால் பெட்டி நிறையப் பணம் வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் கொச்சியில் விஜயன், மோகனா என்று ஒரு தம்பதி இருந்தார்கள். பிழைப்பு, சின்ன டீக்கடை. விஜயன் டீ ஆற்றுவார், மோகனா கூடமாட நிற்பார். சம்பளத்துக்கு ஆளே கிடையாது. அந்தக் காசும் மிச்சம்! பயணத்துக்கென்று தினமும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். பற்றாக்குறைக்குக் கடன். ஊர் சுற்றிவிட்டு வந்து, மறுபடி டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைத்ததும் அடுத்த நாடு!

கடன் வாங்கி ஊர் சுற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கினதைத் திருப்பிக் கட்டினார்கள் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம்.

இப்படியே 26 நாடுகள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார்.